பணி மாறிய படைவீரர்: தங்கவயல் பிறந்த கதை

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று ஒரு பகுதி உண்டு. இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், கோரமண்டல் என்று அங்கே வழங்கும் மற்றப் பெயர்களும் அயல்நாட்டுச் சாயல் கொண்டவையே. ஆயினும், தமிழ் நாவுகள் இப்பெயர்களை நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லித் தம் சொந்த ஊர்ப் பெயர்களாகவே ஆக்கிக்கொண்டன. தாய்நாட்டு எல்லைக்கு அப்பால் குடியேறி, பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மைப் போன்றோருக்கு இது புதுமையன்று. பெயர் அயலாருடையது, தெரு நம்முடையது என்னும் நிலையை நாம் அனைவரும் அறிவோம்.

இந்தத் தெருக்களைத் தோற்றுவித்தது தங்கச் சுரங்கம். அந்தச் சுரங்கத்தின் வரலாற்றை நாம் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே சென்றால், முதலில் எதிர்ப்படுபவர் பொறியியல் வல்லுநர் அல்லர், வணிகரும் அல்லர். அவர் ஒரு பட்டாளத்துக்காரர். அதிலும், தாம் சேர்ந்த படைப்பணியை விட்டு வேறொரு பணிக்கு மாறிய பட்டாளத்துக்காரர். அவருக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவர் குறிப்பைப் படித்துவிட்டு மாட்டு வண்டியில் அங்கே வந்து இறங்கியவரும் பணி மாறிய படைவீரர்தாம். இவ்விருவரின் கதையையும், அவர்களோடு நம்மவர் கதையையும் சேர்த்து இன்று சிந்திப்போம்.

ஒரு படைப்பிரிவிலிருந்து நீங்கிய வீரர் மற்றொரு பிரிவில் மீண்டும் பெயர் பதிவது நமக்குத் தெரிந்த செய்தியே. தரைப்படையில் பணிக்காலம் முடித்து வீடு திரும்பிய நம் ஊர்ச் சிப்பாய், சில மாதங்களுக்குப் பின் பாதுகாப்புக் காவற்படையில் சேர்ந்து மீண்டும் சீருடை பூணுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. 1947-இல் தோன்றிய அந்தப் படை, பெரும்பாலும் இவ்வாறு மறுமுறை சேர்ந்த வீரர்களைக் கொண்டே இயங்குகிறது. அவ்வாறு மாறும்போது வீரர் எதைத் தம்மோடு எடுத்துச் செல்கிறார்? எதை விட்டுச் செல்கிறார்? புதிய பணியில் அவருக்கு வழிகாட்டுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் இடமாகத் தங்கவயல் அமைந்திருக்கிறது.

ஜான் வாரன் என்று ஆங்கில ஏடுகளில் குறிக்கப்படும் அவர், 1769-இல் இத்தாலி நாட்டு லிவோர்னோ நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் பிரெஞ்சு நாட்டு உயர்குடியைச் சேர்ந்தது. ழான் பப்டீஸ்த் பிரான்சுவா ஜோசப் தெ வாரன் என்பது அவருடைய முழுப் பெயர். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக் காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்து, பின்னர் ஆங்கிலேயர் படையில் சேர்ந்தார். பிறந்த குடியோ பிரெஞ்சுக் குடி. உண்ட சோறோ ஆங்கில மன்னருடையது. அக்காலத்தில் இத்தகைய மாற்றம் அரியதன்று. மன்னரின் நேர்ப்படை, கும்பினியின் படை, உள்நாட்டு அரசர்களின் படை எனப் பல கொடிகள் ஒரே நாட்டில் பறந்தன. கொடி மாறினாலும் வாள் பிடித்த கை மாறுவதில்லை என்பதே அந்நாள் நடைமுறை.

வாரன் பணிபுரிந்தது மன்னரின் 33-ஆம் காலாட்படை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பங்கு கொண்ட படை அது. அதே படையில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரியும் இருந்தார். போர் முடிந்ததும் லாம்டன் கையிலிருந்த துப்பாக்கியை வைத்துவிட்டு அளவுச் சங்கிலியை எடுத்தார். 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அவர் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான், இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும்பணி தொடங்கிற்று. காலாட்படை அதிகாரி நில அளவைக்கு மாறியதால் ஒரு நாட்டின் படமே உருவாயிற்று. வாரனும் அந்த வழியே சென்றார். படையில் பெயர் இருக்க, பணியில் அவர் அளவையாளர் ஆனார்.

1802-இல் மைசூர் அரசின் கிழக்கு எல்லையை வரையறுக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லைக்கல் நடச் சென்றவர் காதில் வேறொரு செய்தி விழுந்தது. எர்ரகொண்டா மலையைச் சுற்றிய மண்ணில் பொன் கிடைக்கிறது என்று அங்குள்ள மக்கள் பேசிக்கொண்டார்கள். பொற்றுகள் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக வாரன் அறிவித்தார். கிராமத்தார் மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே நீர் வார்த்து அலசிக் காட்டினார்கள். சேறு கரைந்து ஓடிய பின் அடியில் மின்னிய துகள்களைக் கண்டு வாரன் வியந்தார். உரிகத்தையும் மாரிக்குப்பத்தையும் சார்ந்த இடங்களை அவர் தேடிப் பார்த்தார். மாரிக்குப்பத்தின் அருகே மண்ணுக்கு அடியிலேயே குழி பறித்துக் கல்லெடுப்பதையும் கண்டார். குழியில் இறங்கியவர்கள் கூடைகளைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அக்கற்களைப் பாறைமேல் இட்டுப் பொடித்து, பின் நீரில் அலசினார்கள். அந்தக் குழிகளில் இறங்கி உழைத்தவர்கள் சமுதாயத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தங்கவயலைக் கண்டுபிடித்தவர் வாரன் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவர் கண்டுபிடித்தது என்ன? பொன் இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டியவர்கள் அவ்வூரார். அதை எடுக்கும் முறையைக் காட்டியவர்களும் அவர்களே. அந்த முறை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. வாரன் செய்தது, கண்டதைத் துல்லியமாகப் பார்த்து, அளந்து, எழுதி வைத்தது. அதுவும் சிறிய தொண்டன்று. எழுத்தில் ஏறாத அறிவு அந்த ஊரோடு நின்றுவிடும். எழுத்தில் ஏறியதால் அது எழுபது ஆண்டு காத்திருந்து மற்றொருவரை அழைத்தது. ஆயினும், வாய்மொழியாகச் சொன்னவர்களின் பெயர் மறைந்து, எழுதியவரின் பெயரே நம் நாவில் நின்றுவிட்டது.

வாரனின் பணி மாற்றம் அத்துடன் முடியவில்லை. சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் கோல்டிங்ஹாம் விடுப்பில் தாய்நாடு சென்றபோது, 1805 முதல் 1811 வரை அக்கூடத்தின் பொறுப்பை வாரன் ஏற்றார். மண்ணை அளந்தவர் விண்ணை அளக்கத் தொடங்கினார். 1807-இல் தோன்றிய பெரிய வால்வெள்ளியை நோக்கிக் கணக்கிட்டார். சென்னையின் தீர்க்கரேகையைத் திருத்தமாக அறியவும் பாடுபட்டார். காலாட்படைப் பயிற்சி இதற்கு எவ்விதம் உதவிற்று என்று கேட்கலாம். குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்பதும், கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மேலிடத்துக்கு எழுதுவதும் படைவீரருக்கு முதற்பாடங்கள். வானியலாளருக்கும் அவையே முதற்பாடங்கள்.

ஐரோப்பாவில் நெப்போலியன் 1815-இல் வீழ்ந்து, பழைய பிரெஞ்சு அரச மரபு மீண்டும் நிலைபெற்றது. வாரன் தம் முன்னோர் நாட்டுக்குத் திரும்பினார். குடும்பத்துக்குரிய கவுண்ட் பட்டம் அவருக்கு மீண்டும் கிடைத்தது. இளமையில் விட்டுவந்த கொடியை முதுமையில் அவர் மீண்டும் அடைந்தார் எனலாம். ஆனால் தமிழகத்தின் மண் அவரை விடவில்லை. ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்த புதுச்சேரிக்கே அவர் வந்து சேர்ந்தார். அங்கேதான் 1830-இல் மறைந்தார்.

புதுச்சேரியில் அவர் எடுத்துக்கொண்ட கடைசிப் பணி நம் பஞ்சாங்கம். தென்னாட்டார் காலத்தைப் பகுத்துக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து, ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். அந்நூலுக்காக அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டு பேசினார். அவர் பெயரைத் தம் ஆங்கில எழுத்தில் வாரன் குறித்தும் வைத்தார். அந்தக் கணிதர் ஏடும் எழுத்தாணியும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வரிசையாக வைத்து நகர்த்திக்கொண்டே, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எண்களுக்குப் பதிலாகச் சொற்களையும் அசைகளையும் வைத்து அந்த வாய்பாடுகள் கட்டப்பட்டிருந்தன. நாம் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம் என்று வழங்கும் மரபு அது.

1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நேர்ந்த கிரகணம் அது. கணிதர் சொன்ன காலத்தையும் உண்மையில் நிகழ்ந்த காலத்தையும் ஒப்பிட்டபோது, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தன. கருவி ஒன்றும் இல்லாமல், தரையும் சோழியும் நினைவுமே துணையாகச் செய்த கணக்கு இது. வானியல் கொள்கையை அவர் விளக்க மாட்டார் என்றும், நினைவாற்றல் வியக்கத்தக்கது என்றும் வாரன் எழுதினார். 1952-இல் கணித வரலாற்று அறிஞர் ஆட்டோ நியூகெபவர் இந்தக் குறிப்பை எடுத்து ஆராய்ந்து, பழைய பாபிலோனியக் கணக்கு முறையோடு இதற்குள்ள உறவை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

மாரிக்குப்பத்தில் நடந்ததும் புதுச்சேரியில் நடந்ததும் ஒன்றே என்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் வாரன் புதிய பணியில் புதியவராக நின்றார். ஒவ்வொரு முறையும் அந்த மண்ணில் வாழ்ந்த ஒருவர் தம் கைத்திறனை அவர் கண்முன் செய்து காட்டினார். பணி மாறியவர், மாறிய இடத்தில் முதலில் மாணவராகத்தான் இருக்க முடியும். வாரன் அவ்வாறு இருக்கக் கூசவில்லை. அதுவே அவருடைய பெருமை.

இனி இரண்டாவது வீரரிடம் வருவோம். மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லாவெல் என்பவர் அயர்லாந்துக்காரர். ஆங்கிலப் படையில் சேர்ந்து, நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த போரில் ஈடுபட்டவர். அந்நாட்டில் அப்போது பொன் தேடும் வேட்கை பரவியிருந்தது. அந்த வேட்கை இவரையும் பற்றிக்கொண்டது. படையை விட்டு 1871-இல் பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியமர்ந்தபோது, வாரன் எழுதிய பழைய குறிப்பு அவர் கைக்கு வந்தது. ஓய்வூதியத்தோடு அமைதியாக இருக்க வேண்டியவர், மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு சுமார் 60 மைல் சென்று அந்த மண்ணைத் தாமே பார்த்தார். மைசூர் அரசுக்கு விண்ணப்பித்து, 1875-இல் 20 ஆண்டுகளுக்குச் சுரங்க உரிமை பெற்றார்.

ஆனால் துணிவு வேறு, மூலதனம் வேறு. ஆழமாகத் தோண்டப் பெரும்பணம் தேவைப்பட்டது. அவரிடம் அது இல்லை. இரண்டே ஆண்டுகளில் உரிமை வேறு கைகளுக்கு மாறிற்று. அக்கைகளுள் முதன்மையானவரும் சென்னை ஸ்டாஃப் கோர் என்னும் பிரிவைச் சேர்ந்த படைத்தலைவர் பெரெஸ்ஃபோர்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1861-இல் ஏற்பட்ட அந்தப் பிரிவின் நோக்கமே, அதிகாரிகள் படையிலிருந்து நில அளவைக்கோ ஆட்சித் துறைக்கோ மாறிப் பணிபுரிய வழி செய்வதுதான். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. சில ஆண்டுகளில் மைசூர்ச் சுரங்கத்தில் பொன் நிறைந்த பாறைப் படிவம் அகப்பட்டது. அதன் பின்னர் தங்கவயலின் பெயர் உலகெங்கும் பரவிற்று. லாவெலின் பெயரோ பெங்களூரில் ஒரு சாலையின் பெயராக இன்றும் வழங்குகிறது.

இதுவரை நாம் சொன்னவர்கள் எல்லாரும் விரும்பிப் பணி மாறியவர்கள். அவர்கள் அதிகாரிகள், அல்லது உரிமை கேட்டுப் பெறும் நிலையில் இருந்தவர்கள். நம்மூர்ச் சிப்பாய்க்கு அந்த விருப்பம் இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. சென்னைப் படையின் 1-ஆம், 4-ஆம் காலாட்பிரிவுகளை அரசு 1883-இல் பயனீர் பிரிவுகளாக மாற்றிற்று. துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் சுமந்து, பாதை அமைத்துக்கொண்டே போரிடும் வீரர்கள் அவர்கள். தென்னாட்டார் போர்க்குலத்தார் அல்லர் என்ற தவறான எண்ணம் அக்காலத்து ஆங்கிலத் தலைவர்களிடம் வேரூன்றியிருந்தது. அவர்கள் திறனைப் போர்க்களம் பலமுறை காட்டியும் அந்த எண்ணம் மாறவில்லை. முதல் உலகப் போரில் 61-ஆம் பயனீர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் நின்று உழைத்தார்கள்.

ஆயினும் 1933-இல் பயனீர் பிரிவுகள் கலைக்கப்பட்டன. அவ்வீரர்களில் பலர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். அப்பிரிவின் தொடக்கமோ 1780-இல் சென்னையில் அமைந்த பயனீர் கம்பெனிகள்தாம். அந்த வகையில், பிள்ளைகள் தாய்வீடு சேர்ந்ததாகவும் சொல்லலாம். ஆனால், கலைக்கப்பட்ட பிரிவின் கொடிக்கு என்ன ஆகும், பாட்டனும் தந்தையும் பெயர் பதிந்த ரெஜிமெண்டு இல்லையென்றால் மகன் எங்கே செல்வான் என்ற கவலை அந்த வீடுகளில் இருந்திருக்கும். காலாட்படையும் 1928-க்குள் கலைந்து, இரண்டாம் உலகப் போரில்தான் மதராஸ் ரெஜிமெண்டாக மீண்டும் எழுந்தது. வாரன் தம் பணியை மாற்றினார். நம் சிப்பாயின் பணியை வேறொருவர் மாற்றினார். இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நிற்க. சுரங்கத்தில் இறங்கிய நம் மக்கள் சீருடை அணியவில்லை என்றாலும், அவர்களும் ஒரு பெரும்படையே. வடஆர்க்காட்டிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டு வந்தவர்கள் பலர். பண்ணையாளாக இருந்தவர் சுரங்கத் தொழிலாளி ஆனார். வானம் பார்த்து உழுதவர் வானம் தெரியாத ஆழத்தில் வேலை செய்தார். 1902-இல் காவிரிச் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கடந்து மின்சாரம் அங்கே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும் அபாயத்தில் அவர்கள் அன்றாடம் இறங்கி ஏறினார்கள். ஏறாமல் போனவர்களும் உண்டு. அவர்கள் உழைப்பால் சுமார் 120 ஆண்டுகளில் வெளிவந்த பொன் 800 டன்னுக்கு மேல்.

சுரங்கமும் ஒருமுறை பணி மாறிற்று என்பது இக்கதையில் ஒரு வியப்பு. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் கருவிகள் அமைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் தடத்தைக் கண்டார்கள். வானை நோக்கிய வாரன் கண்ட மண், 160 ஆண்டுகளுக்குப் பின் தானே ஒரு வானாய்வுக்கூடம் ஆயிற்று. அந்தக் கருவிகளை ஆழத்துக்கு இறக்கவும் காக்கவும் சுரங்கத் தொழிலாளரின் அனுபவம் தேவைப்பட்டது. இங்கும் அறிஞர்கள் முதலில் மாணவர்களாகவே இருந்தார்கள்.

1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று ஆயிரக்கணக்கானவர்கள் கலைக்கப்பட்ட பயனீர்களைப் போல் நின்றார்கள். அவர்களை ஏற்க மற்றொரு ரெஜிமெண்டு காத்திருக்கவில்லை. பாறையின் ஓசையைக் கேட்டே அபாயத்தை உணரும் காதுகளுக்கு நகரத்தில் விலை இல்லை. அதனால் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படும் இரயிலில் பிள்ளைகள் பெங்களூர் சென்று, இரவு திரும்பும் வாழ்க்கை பலருக்கு அமைந்தது. சிலர் அதே ஊரில் 1964-இல் தோன்றிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையை நம்பினார்கள். சிலர் பட்டாளத்தில் பெயர் பதிந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் படைவீரனானபோது, வாரன் தொடங்கிய வட்டம் வேறொரு வகையில் நிறைவுற்றது.

ஆகவே, பணி மாறுதல் வெறும் பெயர்ப் பதிவு அன்று. முன்னைய பணி கற்பித்த ஒழுங்கை எடுத்துச் செல்வது ஒரு பாதி. சென்ற இடத்தாரிடம் கற்றுக்கொள்வது மறு பாதி. வாரன் இரண்டையும் செய்தார். ஆனால் பணி மாறியவர் புகழ் பெறும்போது, அவருக்குக் கற்பித்தவர் பெயர் மறைவதும், பணி மாற்றப்பட்டவரின் கைத்திறன் வீணாவதும் நம் வரலாற்றில் இரு குறைகள். அயல் மாநிலங்களில் புதிய பணிகளில் நாளும் நுழையும் நாம், மாரிக்குப்பத்தில் மண் அலசிக் காட்டிய கைகளையும், புதுச்சேரியில் சோழி நகர்த்திய விரல்களையும், ஆழத்தில் பாறை தட்டிக் கேட்ட காதுகளையும் நினைவில் வைத்திருப்போம். அவர்கள் இல்லாமல் வாரன் துரைக்குத் தங்கவயலும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. ஸ்கெலட்டன் என்ற அந்தச் சிறு பெயரை அடுத்த முறை கேட்கும்போது, அதன் கீழே எத்தனை படைகள் உழைத்துக் கலைந்தன என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.